அயர்லாந்து மனைக்குப் பாகூரில் கண்ட கனவு

லில்லி அண்ணிக்கு நின்றுகொண்டே தூங்கத் தெரியும். பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், தோளில் சாப்பாட்டுப் பை தொங்கும், கண் மூடியிருக்கும். முதலியார்பேட்டை வந்ததும் யாரும் எழுப்பாமலே கண் திறந்துகொள்ளும். கண்டக்டர்கூட அவளைத் தொந்தரவு செய்வதில்லை. கையில் இருக்கும் சில்லறையை எடுத்துக்கொண்டு, டிக்கெட்டை விரலிடுக்கில் சொருகிவிட்டு நகர்ந்துவிடுவார். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தால் சமையல், சமையல் முடிந்தால் துணி, துணி முடிந்தால் மறுபடி பஸ். தூங்குவதற்கென்று அவளுக்கு இருந்த இடம் அந்தப் பஸ்தான்.

என் அண்ணன் பாக்யராஜ் அவளைக் கண்டுபிடித்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெஷினுக்குள் விரலைக் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்டுக்கொள்ளப் போனான். கட்டுப் பிரிக்கப் போனவன் கட்டிக்கொண்டே வந்துவிட்டான் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் கேலி உண்டு. அண்ணி வந்த புதிதில் நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். நாத்தனார் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் முறைத்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பிறகு ஒரு நாள் அதே பஸ்ஸில் அவள் விழித்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். காலண்டர் தாளில் அட்டை போட்ட புத்தகம் ஒன்று கையில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் எழுதி இரண்டாம் தரம் பாஸானாள். அன்றைக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு வீட்டுக்கு வந்து, வெங்காயம் அரிந்துகொண்டே, "நான் அயர்லாந்துக்குப் போறேன்" என்றாள், சந்தைக்குப் போகிறேன் என்கிற மாதிரி.

எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பங்கள் லீவுக்கு வந்து, சென்ட் வாசனையோடு திரிந்துவிட்டுப் போவார்கள். எங்களுக்குத் தெரிந்த விமானம் எல்லாம் அங்கேதான் போகும். அதனால் தெருவில் கேட்டவர்கள் எல்லாம், "அயர்லாந்தா? அது பிரான்ஸ்ல எந்தப் பக்கம்?" என்றார்கள். அண்ணி முதலில் விளக்கிச் சொன்னாள். பிறகு அலுத்துப்போய், "தோ, ஓரமா" என்று சொல்லிவிட்டாள். எங்கள் காலனியைப் பொறுத்தவரை லில்லி இன்றைக்கும் பிரான்சின் ஓரத்தில்தான் இருக்கிறாள்.

முதலில் அவள் மட்டும் போக வேண்டியிருந்தது. அண்ணனும் பிள்ளைகளும் விசா வந்ததும் பின்னால் போவது என்று ஏற்பாடு. பிரின்சிக்கு அப்போது எட்டு வயது. தமிழ்க்குமரன் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். அண்ணனுக்கு ஷிப்ட் வேலை. ஆகவே பிள்ளைகள் இரண்டு வீடு தள்ளி என்னிடம் வந்தார்கள். எனக்கும் என் வீட்டுக்காரர் கலைவேந்தனுக்கும் பிள்ளை இல்லை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை வருஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? பிள்ளைகள் வந்த பிறகு வீட்டுக்குள் வெளிச்சம் கூடியது போல இருந்தது. சுகன்யா என்கிற என் பெயரைத் தமிழு 'சுகும்மா' ஆக்கினான். என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டால்தான் தூங்குவான். சாயங்காலம் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவேன். தண்ணீர் நிறைந்த நாட்களில் ஏரியும் வானமும் ஒரே நிறமாகிவிடும். எது மேல், எது கீழ் என்று தெரியாது. அவன் வானத்தைக் காட்டி "ஏரி" என்பான். நான் ஆமாம் என்பேன். எதற்குத் திருத்த வேண்டும்?

விசா வந்தது. சென்னை விமான நிலையத்துக்கு வேனில் போனோம். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவனை அண்ணன் அப்படியே தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். பிள்ளை விழிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் முதுகும், அதன் மேல் கலைந்த தலையும் போய்க்கொண்டே இருந்தன. விமானத்தில் விழித்தவன், "சுகும்மா எங்க பூட்டுது?" என்று கேட்டானாம். தான் போனது அவனுக்குத் தெரியவில்லை. நான் போய்விட்டேன் என்றே நினைத்தான். எனக்கு இன்றும் நெஞ்சில் குத்துவது அதுதான்.

அதன் பிறகு நான் அவர்களை போனில்தான் பார்த்தேன். அங்கே எப்போதும் மழை. மழை என்றால் நம் மழை இல்லை, யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு தூறல். ஜன்னலுக்கு வெளியே பச்சைச் சரிவு, அதில் வெள்ளை வெள்ளையாக ஆடுகள். இங்கே அறுப்பு முடிந்த வயலில் வெயில் கொதிக்கும். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு முடிந்து போன் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் என் கண்ணுக்குள் ஆடுகள் மேயும்.

அண்ணன் அங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஒவ்வொரு முறையும், "அஞ்சி வருஷம்தான் சுகு. அப்பால வந்து நம்ம வூட்டு மேல மாடி எடுத்துடலாம்" என்பான். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் அந்த மாடியைப் பல தரம் மனதுக்குள் கட்டியிருக்கிறேன். படிக்கட்டு எந்தப் பக்கம், பிள்ளைகள் எந்த அறை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தமிழு மெதுவாக இங்கிலீஷுக்கு மாறினான். சுகும்மா அத்தையானாள். அப்புறம் போனைக் கொடுத்தால் ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு ஓடினான். ஓடுகிற வயசு, ஓடட்டும் என்று கலைவேந்தன் சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

போன வருஷம் அவர்கள் இருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் வேறு வாடகை வீடு கிடைக்கவில்லை. ஊர் மாறினால் பிரின்சியின் பள்ளிக்கூடம் போகும், அண்ணியின் ஆஸ்பத்திரி தூரமாகும். அலைந்து அலைந்து, அதே ஊரில் விலைக்கு ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார்கள். பேங்கிலும் கடன் தரச் சம்மதித்துவிட்டார்கள். இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்ததால் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி போட்டுவிட்டாள். அண்ணன் போடவில்லை.

"மண்ணு வைக்காம எப்படி வாங்குறது?" என்றானாம்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். மனை வாங்குவதற்கு முன் அந்த மனையில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும். வருகிற கனவைப் பார்த்துத்தான் முடிவு. கனவு காண்கிறவள் அந்த வீட்டில் வாழப்போகிறவளாக இருக்கக்கூடாது, அவளுக்கு ஆசை கண்ணை மறைக்கும். அந்த வீட்டில் பிறந்து வெளியே கட்டிக்கொடுத்த பெண்தான் படுக்க வேண்டும். எங்கள் அப்பா மரியதாஸுக்கு இந்தக் காலனி மனை வந்தபோது அவருடைய தங்கை பவுனம்மாள் படுத்தாள். அடுப்பு எரிந்தால் நல்லது. யாராவது நிம்மதியாகத் தூங்கினால் ரொம்ப நல்லது. தண்ணீர் ஏறினால் ஆகாது. ஏரிக்கால்வாய்ப் பக்கம் வேறொரு மனையை அத்தை அப்படித்தான் வேண்டாம் என்றாள், அடுத்த மழையில் அது முழுகியது. கால்வாய் ஓரத்து மனை முழுகும் என்பதற்குக் கனவு எதற்கு, பாகூர்ப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லும். ஆனால் எங்கள் வீட்டில் அத்தைக்குத்தான் பெயர்.

அண்ணனுக்கு நான் ஒருத்திதான் தங்கை. ஆகவே அயர்லாந்து மனைக்குப் பாகூரில் நான் படுக்க வேண்டும்.

மண்ணைத் தபாலில் அனுப்பினால் வெள்ளிக்கிழமைக்குள் வராது. வெளிநாட்டு மண்ணைத் தபாலில் விடவும் மாட்டார்களாம். அண்ணன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி, உள்ளங்கையில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினான். கறுப்பாக, ஈரமாக, புல் வேரோடு இருந்தது. "போனத் தலைமாட்ல வச்சிகினு படு சுகு" என்றான். பின்னால் அண்ணி கத்துவது கேட்டது. "நானு கனவு கண்டா நர்ஸ் ஆனேன்? உங்க வம்சத்துக்கே பைத்தியம்யா!" அவன் அசையவில்லை. கடல் தாண்டிப் போனவன், கார் ஓட்டுகிறவன், இந்த ஒரு விஷயத்தில் மரியதாஸின் மகனாகவே இருந்தான்.

முதல் ராத்திரி ஒரு கனவும் வரவில்லை. போன் வெடித்துவிடும் என்று கலைவேந்தன் பாதியில் எடுத்துத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாளும் இல்லை. உண்மையைச் சொன்னால் நான் தூங்கவே இல்லை. வீடு வாங்கிவிட்டால் அவர்கள் திரும்ப மாட்டார்கள். இது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும், அண்ணன் ஒருவன்தான் தெரியாத மாதிரி நடித்தான். நான் ஒரு வார்த்தை, "சரியில்லண்ணா" என்று சொன்னால் போதும், அவன் பேனாவைத் தொட மாட்டான். அடுத்தடுத்த வீட்டுக்கும் அப்படியே சொல்லலாம். அலைந்து ஓய்ந்து ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாடி எழும்பும். பிள்ளைகள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வருவார்கள். அதை நினைத்தபோது வாயில் தித்தித்தது, மறுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தேன். மின்விசிறி சூடான காற்றை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தூறலாக மாறியது.

நான் ஏரிக்கரை மேல் நடந்துகொண்டிருந்தேன். ஏரியில் தண்ணீர் இல்லை, பச்சைப் புல். அதில் வெள்ளை ஆடுகள். கரை வளைகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. போட்டோவில் மண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன், ஆனாலும் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. நீலக் கதவு. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். அடுப்பு எரிந்தது. அண்ணன் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான், அந்த வாசனை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தது. பிரின்சி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி பாயில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தூங்கினாள். பட்டப்பகலில், கம்பி எதையும் பிடிக்காமல் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்க எனக்கே கண் சொக்கியது.

கதவைத் தட்டினேன். தமிழு திறந்தான். வளர்ந்திருந்தான், சட்டைக் காலரெல்லாம் சரியாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, பயம் இல்லை. "யார் வேணும் உங்களுக்கு?" என்று இங்கிலீஷில் கேட்டான், ரொம்ப மரியாதையாக. என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வலிக்காத மாதிரி மெதுவாகக் கதவைச் சாத்தினான். தூறல் என் மேல் விழுந்தது.

விழித்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அதைச் செருகிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பவுனம்மாள் அத்தையின் கணக்கில் இதைவிட நல்ல கனவு கிடையாது. அடுப்பு எரிந்தது. தூங்க வேண்டியவள் தூங்கினாள். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கனவு கண்டவள் எங்கே நின்றாள் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

போன் உயிர் பெற்றதும் அடித்தது. அண்ணன். அங்கே காலை நேரம், அவன் பல் துலக்கியிருப்பானா என்றே சந்தேகம்.

"இன்னா சுகு? எதுனா வந்துதா?"

சொல்வதற்கு இரண்டு பதில்களும் நாக்கில் தயாராக இருந்தன. கலைவேந்தன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைப் பொத்தானைப் போடாமல் என்னையே பார்த்தார்.

"வந்துதுண்ணா."

"அடுப்பு?"

"எரிஞ்சிது. நீதான் சோறு ஆக்கிகினு இருந்த."

"யாருனா தூங்குனாங்களா?"

கண்ணை மூடிக்கொண்டேன். பாயில் அந்தக் கையும் காலும் தெரிந்தன. "அண்ணி" என்றேன்.

அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம். அண்ணி போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். கனவை நம்பாதவள், "நானா? எம்மா நேரம்டி தூங்குனேன்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேரம் அண்ணி. பகல்ல. யாரும் எழுப்பல."

அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அண்ணன் தூரத்தில், "பேனா எங்க வச்ச?" என்று கேட்டான். "வாங்கிடுங்கண்ணா. நல்ல வூடு" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகு உடம்பு லேசாகிவிட்டது. அழுகை வரவில்லை. மனதுக்குள் கட்டி வைத்திருந்த மாடி மட்டும் சத்தமில்லாமல் இல்லாமல் போனது.

வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அண்ணி வைக்கவில்லை. ஒரு கதவு சாத்துகிற ஓசை கேட்டது. தனியாக எங்கோ போய் நின்றுகொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"சுகு, நீ எங்கடி இருந்த, கனவுல?"

பவுனம்மாள் அத்தையிடம் யாரும் கேட்காத கேள்வி. "வாசல்ல" என்றேன்.

"உள்ள வரல?"

"தமிழு வந்து கதவு தொறந்தான். யாரு வேணும்னு கேட்டான். அவனுக்கு என்னைத் தெரில அண்ணி."

அப்போதுதான் அழுதேன். கலைவேந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவர் எழவில்லை. அண்ணி என்னை அழ விட்டாள். சமாதானம் சொல்லவில்லை, கனவுதானே என்று சொல்லவில்லை.

பிறகு மெதுவாக, "என்னையும் கேட்டான்டி" என்றாள்.

"எப்போ?"

"அவங்க இங்க வந்து எறங்குன அன்னிக்கி. ஏர்போர்ட்ல ஓடிப் போயி கைய நீட்டுனேன். உங்க அண்ணன் பின்னால ஒளிஞ்சிகினான். 'அப்பா, யாருப்பா இவங்க'ன்னான். இவங்கன்னான்டி, மரியாதையா. வூட்டுக்கு வந்தா கிட்ட வரல. சோறு ஊட்டுனா துப்புறான். சுகும்மாகிட்ட போவணும், சுகும்மாகிட்ட போவணும்னு ராவும் பகலும் அழுவுறான். பெத்தவ நானு வாசப்படில நின்னேன், நீ உள்ள இருந்த."

அந்த நாட்களில் போனில் அவள் சிரித்துக்கொண்டே, "நல்லாருக்கான்டி, நல்லா சாப்புடுறான்" என்று சொன்னது ஞாபகத்தில் வந்தது. நான் அதை நம்பி, இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டானே என்று கலைவேந்தனிடம் புலம்பியிருந்தேன்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சந்தோஷப்படுவியோன்னு பயந்தேன்" என்றாள். பிறகு, "இல்ல, நீ செத்துப்பூடுவியோன்னும் பயந்தேன்" என்றாள்.

இரண்டும் நடந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிள்ளையின் கதவுக்கு முன்னால் ஆளுக்கொரு முறை நின்றிருக்கிறோம். ஒருத்தி நின்றது இன்னொருத்திக்குத் தெரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, கையில் போன்தான் இருந்தது.

"அப்பறம் எப்பிடி வந்தான்?" என்றேன்.

"நானு ஒண்ணும் பண்ணல. கூப்புடல, கெஞ்சல. அவன் கண்ணுல படுற மாதிரி இருந்துகினே இருந்தேன். அவன் வெளையாடுற எடத்துல போயி சும்மா குந்திக்குவேன். டியூட்டி முடிஞ்சி வந்து, புடவயக் கட்டிகினு அங்கியே தூங்கிடுவேன். ஒரு நாளு முழிச்சிப் பாக்குறேன், என் புடவத் தலப்பு அவன் வாயில இருக்குது."

தூரத்தில் அண்ணன், கையெழுத்துப் போட்டாச்சு என்று யாரிடமோ இன்னொரு போனில் இங்கிலீஷில் சொல்வது கேட்டது. அண்ணி மூக்கைச் சிந்தினாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அண்ணி, இந்தப் பாஸ்போர்ட்டு எடுக்க எங்க போவணும்?"